பின்வரிசைச் சிலுவைகள்

ஃபின்லாந்தில் மரக்கழிவை எரித்து எவ்வளவு கரண்ட் எடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்வார். வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோய் இரண்டு நாளாகிறதே, புக் பண்ணினீர்களா என்று கேளுங்கள், திருதிருவென்று விழிப்பார். பெயர் தேவானந்தம். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எரிசக்திப் பாடம் எடுக்கிறார். நான் ஜெயசீலி, சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச நான் கேட்கிறேன், அல்லது கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த நாடு மரத்தையும் வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் எரித்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, அது வருஷா வருஷம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. திட உயிரி எரிபொருள் என்று சொல்ல வேண்டும். விறகு என்று நான் சொன்னால் கோபம் வந்துவிடும். லேப்டாப்பைத் திறந்தால் நாட்டுக்கு ஒரு நிறத்தில் கோடு ஓடும். பிரிட்டனின் கோடு ரொம்ப நாள் தரையோடு கிடந்துவிட்டு, நிலக்கரி போட்ட இடத்தில் மரத்தைப் போட ஆரம்பித்ததும் கிடுகிடுவென்று ஏறும். அந்த மரமும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறதாம். ஜப்பான்காரன் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓட்டை மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வாங்கி எரிக்கிறான். பிரேசிலுக்குக் கரும்புச் சக்கை. ஜெர்மனியின் கோடு ஒரு உயரத்துக்குப் போய் அப்படியே படுத்துவிட்டது. சீனாவின் கோடு எல்லாரையும் தாண்டிப் போய்விட்டது.

"நம்ம கோடு எங்கங்க?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

"இதோ, இந்த ஆரஞ்சு. இவ்வளவு நாளா சர்க்கரை ஆலையில சக்கையை எரிச்சதுதான் ஜெயா. இப்ப அனல் மின்நிலையத்துலயும் நிலக்கரியோட பெல்லட் கலக்கணும்னு கவர்மென்ட் ரூல் போட்டிருக்கு. இனிமே பாரு."

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்கிற விரல் நீளக் குச்சி. அதில் ஒரு கைப்பிடியை ஊறுகாய் பாட்டிலில் போட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கோழித் தீவனம் என்று நினைப்பார்கள்.

இதெல்லாம் வீட்டோடு இருந்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சபைக்குக் கொண்டுபோனார். சுற்றுச்சூழல் ஞாயிறு அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் திரையைக் கட்டி, அந்தக் கோடுகளையெல்லாம் ஓடவிட்டார். கடைசியில் ஒரு போட்டோ. எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துப் பின்பக்கம், சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கிறது.

"டென்மார்க்ல இதை யாரும் குப்பைன்னு சொல்ல மாட்டாங்க. கரண்டுன்னு சொல்வாங்க. பெல்லட் கம்பெனி ஒண்ணு எனக்குத் தெரியும். அவங்களே வந்து வெட்டி, இடத்தைச் சமப்படுத்திக் குடுத்துட்டு, மரத்தை எடுத்துட்டுப் போயிடுவாங்க. சபைக்கு ஒரு செலவும் கிடையாது" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். பாஸ்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். மறைக்க வேண்டாம், எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று. பக்கத்து வரிசைப் பெண்கள் திரும்பி என்னைப் பார்க்கும்போது புடவைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவின் கடைசியில் இருக்கிறது. முன்பக்கம் கிரானைட், மார்பிள், சிலதில் போட்டோகூடப் பதித்திருக்கும். எங்கள் மாமனார் மாமியார் அங்கேதான். பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, வெறும் மண்மேடுகள். கல் வைக்க வசதியில்லாதவர்கள் மரச்சிலுவை நட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் பேர் எழுதியிருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் நின்று வருஷத்துக்குள் அந்தப் பெயிண்ட் உரிந்துவிடும். அதனால் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருவதற்கு முன்னால், வாலிபர் சங்கத்தார் அந்தச் சிலுவைகளை எல்லாம் பிடுங்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்குவார்கள். சுரண்டி, பெயிண்ட் அடித்து, பேர் எழுதிக் காயவைத்து மறுபடி நடுவார்கள். எது எந்த இடம் என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் பிடுங்கின குழிக்குள் ஒரு செங்கல்லை வைத்துப் பேரை அதில் எழுதிவிடுவார்கள். ரொம்ப வருஷமாக நடக்கிற ஏற்பாடு இது. ஒரு சிலுவைகூட இடம் மாறினது கிடையாது.

இந்த வருஷமும் பிடுங்கினார்கள். செங்கல் வைத்தார்கள். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. பெயிண்ட் அடிக்க முடியாது என்று சிலுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

மழை விட்ட முதல் நாள் பெல்லட் கம்பெனியின் ஜேசிபியும் லாரியும் வந்தன. என் வீட்டுக்காரர் அங்கே இருந்திருக்க வேண்டும். இருக்கிறேன் என்று பாஸ்டரிடம் சொல்லியும் இருந்தார். ஆனால் அன்றைக்கு அவர் கல்லூரியில் பெரிய செமினார், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வருகிறார்கள், இவருடைய கோடுகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். காலையிலேயே கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஃபோன்லயே பார்த்துக்கிறேன் ஜெயா, மரம் வெட்டுறதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், ஜோசலின் கூப்பிட்டாள். வாலிபர் சங்கத்துச் செயலாளர், நல்ல பெண். மழை விட்டதே என்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பெயிண்ட் டப்பாவோடு போயிருக்கிறாள்.

"ஆன்ட்டி, சிலுவை எல்லாம் எங்க ஆன்ட்டி? அங்கிள் எங்கயாவது எடுத்து வைக்கச் சொன்னாங்களா?"

"எந்தச் சிலுவைம்மா?"

"தார்ப்பாய் போட்டு வச்சிருந்தோமே ஆன்ட்டி. தார்ப்பாய் மட்டும்தான் மடிச்சு வச்சிருக்கு."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவ்வளவு சுத்தமாக அந்தத் தோட்டத்தை நான் பார்த்ததே கிடையாது. ஒரு முள் இல்லை. பின்பக்கம் முழுக்கச் சிவந்த ஈர மண், பள்ளிக்கூட மைதானத்தைப் போலச் சமமாகக் கிடந்தது. மேடு இல்லை, செங்கல் இல்லை, ஜேசிபி சக்கரத்தின் தடம்தான் இருந்தது. முள்ளைத் தூரோடு பிடுங்கிச் சமப்படுத்திக் கொடுக்கிறேன் என்று சொன்னவர்கள் சொன்னபடியே செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜோசலின் பெயிண்ட் டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

அவருக்கு ஃபோன் போட்டேன். எடுத்ததும், "ஜெயா, என் டாக் சூப்பர். ஸ்வீடன்லேர்ந்து வந்த புரொஃபசர் எழுந்து நின்னு பாராட்டினார்" என்று ஆரம்பித்தார்.

"அதை அப்புறம் சொல்லுங்க. தார்ப்பாய்க்குக் கீழ இருந்த சிலுவை எங்க?"

"எந்தச் சிலுவை?"

நானும் இதையேதான் கேட்டேன் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஏறிய கோபத்தில் கத்திவிட்டேன். கல்லறை என்றுகூடப் பார்க்கவில்லை. விஷயம் அவருக்கு மெல்லப் புரிந்தது. பிறகு, "லோடு ஏத்துற ஆள் ஒரு தடவை ஃபோன் பண்ணினான். மேடைக்குக் கூப்பிட்டுட்டாங்க. ஒரு குச்சி விடாம ஏத்துப்பான்னு சொல்லிட்டு வச்சிட்டேன்" என்றார்.

சாயங்காலம் இரண்டு பேரும் காரில் ஒரகடம் போகிற வழியில் இருக்கிற அந்தக் கம்பெனிக்குப் போனோம். லாரியோடு வந்தவர் சுப்பராயலு என்று ஒருவர், கேட்டிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் அதுக்குத்தான சார் ஃபோன் போட்டேன். தார்ப்பாய்க்குக் கீழ சிலுவ கணக்கா கீது சார், அதையுமான்னு கேக்க வாயைத் தொறந்தேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள, ஒரு குச்சி வுடாதன்னுட்டு கட் பண்ட்டீங்க. நானும் மறுக்கா போட்டேன், நீங்க எடுக்கல. பழசு வேணாம்னு ஒதுக்கி வெச்சிட்டாங்கன்னு நெனச்சிட்டேன் சார். இன்னா சார், பெரிய பேஜாராப் பூட்ச்சா?"

என் வீட்டுக்காரர் நேராக உள்ளே போனார். நானும் போனேன். ஒரு பெரிய கொட்டகை. ஒரு பக்கம் மரத்தைச் சில்லுச் சில்லாக நறுக்குகிற மெஷின், இன்னொரு பக்கம் மலை மலையாகச் சில்லு. மேனேஜர் ஓடி வந்தார், இவரைத் தெரியும் அவருக்கு. "மத்தியானம் வந்த லோடு, வந்த உடனே அரைச்சாச்சு சார். இன்னைக்கு ராத்திரி ஷிஃப்ட்ல பெல்லட் ஆயிடும். நாளைக்கே பவர் பிளான்ட்டுக்கு டிஸ்பாட்ச்" என்று பெருமையாகச் சொன்னார்.

குவியலில் மேலாக, வெளுத்த கருவேலச் சில்லுக்கு நடுவே, கறுப்புப் பெயிண்ட் ஒட்டின சில்லுகள் கிடந்தன. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"இதைத் தனியா பிரிக்க முடியுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் பாடம் எடுக்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா அது?

"எதுக்கு சார்?"

"ஒண்ணுமில்லை. ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு சாம்பிள் காட்டலாம்னு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொன்னது அவர், கூசினது எனக்கு. மேனேஜர் ஏற்கெனவே தயாராக இருந்த பெல்லட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் நிரப்பிக் கொடுத்தார். இவரும் வாங்கிக்கொண்டார். காரில் ஏறினதும் அந்தக் கவரைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், "வண்டியை எடுங்க, போகலாம்" என்று மட்டும் சொன்னேன்.

கல்லறைத் திருநாளுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. பாஸ்டர் வீட்டில் கூடினோம், கமிட்டியில் முக்கியமானவர்கள் மட்டும். இவரைக் கமிட்டி என்ன செய்யப்போகிறதோ என்று பயந்துகொண்டே போனேன். யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். எல்லாரும் டீயைக் குடித்துக்கொண்டே, இதை வெளியே தெரியாமல் எப்படி முடிப்பது என்று பேசினார்கள். அடக்கப் பதிவில் பேரும் தேதியும்தான் இருந்தன, இடம் எழுதுகிற வழக்கம் இல்லை. கடைசியில் யோசனை சொன்னதும் என் வீட்டுக்காரர்தான்.

"புதுசா சிலுவை செஞ்சு நட்டுடுவோம். எல்லாம் ஒரே அளவா, ஒரே வரிசையா. பாதிப் பேரோட இடம் ஜோசலினுக்கு ஓரளவுக்கு ஞாபகம் இருக்கும். மீதியை நம்ம ஒரு கணக்குல வைக்கணும். சொன்னா அவங்க மனசு உடைஞ்சு போயிடும். அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவங்களுக்காகவாம். நான் அவரை முறைத்தேன், அவர் என் பக்கம் திரும்பவில்லை. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆண்டவருக்கு எந்த இடத்துல யார்னு தெரியும்" என்றார். முடிந்தது.

ஜோசலின்தான் பேர் எழுதினாள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சிலுவைகளை வரிசையாகச் சாய்த்து வைத்து எழுதிக்கொண்டிருந்தவள், நான் காபி கொண்டுபோனபோது பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, இது தப்பு இல்லையா? கடைசி அஞ்சாறு பேரு எங்கன்னு நிஜமாவே எனக்குத் தெரியாது" என்றாள்.

"பேசாம எழுதும்மா. காபி ஆறுது" என்றேன் நான். அப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தது ஜோனத்தானின் சிலுவை.

ஜோனத்தான் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். கொன்றை வேந்தனை ஒப்பிக்கச் சொன்னால் பாதியில் நிறுத்திச் சிரித்துவிடுவான். அடி வாங்கியும் சிரிப்பான். வளர்ந்து டெலிவரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேளச்சேரி ரோட்டில் தண்ணீர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். ஒரே பிள்ளை. அம்மா ரத்தினபாய் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு டிபன் கடையில் மாவாட்டுகிறவள். அப்பா ஆரோன் ஷேர் ஆட்டோ ஓட்டினவர். பிள்ளை போன மறுமாசமே அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறிப்போயிற்று. வாடகை குறைவென்று அனகாபுத்தூரில் ஆற்றோரம் ஒரு சந்துக்குக் குடிபோய்விட்டார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு வருவது பெரிய பாடு என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை, கல்லறைத் திருநாளுக்கு மட்டும்தான் வருவார்கள். இப்போது அவர்களுக்குப் பிள்ளை என்று சொல்ல அந்த ஆறடி மண்தான் இருந்தது. அதைத்தான் நாங்கள் தொலைத்துவிட்டு, ஒரு கணக்கில் வைத்தோம்.

கல்லறைத் திருநாள் அன்றைக்கு மழை இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கூட்டம். கேட்டுக்கு வெளியே சாமந்தியும் மெழுகுவர்த்தியும் விற்கிறார்கள், ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கிறது. நாங்கள் மாமனார் மாமியார் கல்லறையில் பூ வைத்துவிட்டு அங்கேயே நின்றோம். பின்பக்கம் போக அவருக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் பாஸ்டர் சும்மா விடவில்லை. மைக்கில், பின்வரிசையை இவ்வளவு அழகாக ஆக்கிக் கொடுத்த சகோதரர் தேவானந்தத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக என்று சொல்லிவிட்டார். எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குத் தலைப்பைச் சரிபண்ணிக்கொள்ள எனக்குக் கை ஒழியவில்லை, பூக்கூடை இருந்தது. ஒழிந்திருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன்.

அதற்கு மேல் ஒதுங்கி நிற்க முடியாமல் பின்பக்கம் நடந்தோம். ஒரே அளவில், ஒரே நேர்கோட்டில் கறுப்புச் சிலுவைகள் பளபளவென்று நின்றன. ஒருவர் மட்டும், "எங்கம்மா இன்னும் கொஞ்சம் செவுத்துப் பக்கம் இருந்த மாதிரி ஞாபகம் சார்" என்று இழுத்தார். "லெவல் பண்ணினதால அப்படித் தெரியுதுங்க" என்றார் இவர். மேடையில் பேசுகிற அதே குரலில் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ரத்தினபாயும் ஆரோனும் வரிசையின் கடைசியில் இருந்தார்கள். அவரை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தாள். அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, அந்த ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து என் வீட்டுக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சார், பாஸ்டர் சொன்னாரு. எம்புள்ளைக்குப் புதுசா போட்டுக் குடுத்துக்கிறீங்க. போன வருசம் முள்ளுக்குள்ள பூந்து வந்தோம் சார், இவரு கால்ல ரத்தம். இப்ப பாருங்க, ராஜா மாதிரி படுத்துகினு கீறான்."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கையை உருவவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார். ஆரோன் ஸ்டூலில் இருந்தபடியே குனிந்து, நல்ல கையால் அந்த ஈர மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். பிள்ளையின் தலையைத் தடவுவது போல மெதுவாக. அந்த மண்ணுக்கு அடியில் யார் இருக்கிறார்களோ, யாரும் இல்லையோ.

என்னால் முடியவில்லை. "அக்கா, ஒரு நிமிஷம் வாங்க" என்று ரத்தினபாயைக் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்ல ஒருத்தியாவது வேண்டாமா, எல்லாரும் இப்படி வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றால் எப்படி என்று எனக்குள் ஒரு வீராப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, தார்ப்பாய், ஃபோன், செங்கல், எல்லாம். சொல்லச் சொல்ல என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்குகிற மாதிரி இருந்தது.

அவள் முதலில் சிலுவையைத்தான் கேட்டாள். "எரிச்சிட்டாங்களா?"

"ஆமாக்கா."

"எதுக்கு டீச்சர்?"

"கரண்ட் எடுக்கறதுக்கு."

"கரண்டுக்கா" என்றாள். அதைப் புரிந்துகொள்ளப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் திரும்பி, ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்த ஆரோனைப் பார்த்தாள்.

"அப்ப அங்க கீறது யாரு?"

"தெரியலைக்கா. அந்தப் பக்கம்தான் எங்கயோ இருக்கான். நாலடி தள்ளி இருக்கலாம், பத்தடி இருக்கலாம்."

"செரி" என்றாள். என்னை நேராகப் பார்த்து, "இதை இன்னாத்துக்கு டீச்சர் எங்கிட்ட சொன்னீங்க?" என்றாள்.

நான் பூக்கூடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு வருசம் பூரா அந்தக் கட்டில்லயே கெடக்குறாரு. இந்த ஒரு நாளுக்குத்தான் நானே நடக்குறேன்னு எழுந்திரிக்கிறாரு. ரெண்டு மாசமா கால ஊனிப் பழகினாரு. இங்க வந்து அந்த மண்ணத் தொட்டா அவருக்கு மூச்சு வருது. இத நான் அவராண்ட சொல்ல முடியுமா? இனிமே நான் மட்டும் தெரிஞ்சி வெச்சிகினு, வருசா வருசம் இவர இட்டாந்து அந்த எடத்துல குந்த வெக்கணும். நீங்க சொல்லிட்டீங்க, உங்களுக்குப் பாரம் எறங்கிடுச்சி." அவள் குரல் ஏறவே இல்லை. "அவராண்ட மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சார் கிட்டயும் சொல்லிடுங்க."

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். முந்தானையால் துடைத்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். பிறகு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன், வேறு எங்கே போவது என்று தெரியாமல்.

ஆரோன் அவளைப் பார்த்து ஏதோ குழறினார். "தண்ணி புடிக்கப் போனேன்யா" என்று சொல்லிவிட்டு அவருக்கு ஒரு மடக்குக் குடிக்கக் கொடுத்தாள். மீதித் தண்ணீரைச் சிலுவையின் அடியில் ஊற்றினாள். சாமந்தியை உதிர்த்துத் தூவினாள். மெழுகுவர்த்தியை ஏற்றி, காற்றில் அணையாமல் கையை வைத்து மறைத்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள்.

ஆரோன் மறுபடி குழறினார். நல்ல கையை என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டிக் காட்டினார். எங்களுக்குப் புரியவில்லை.

"சாரை ஜெபம் பண்ணச் சொல்றாரு" என்றாள் ரத்தினபாய். "படிச்சவங்க பண்ணா நல்லதாம்."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடினார், கையைக் கூப்பினார். வாயைத் திறந்தார். உதடுதான் அசைந்தது. நாங்கள் காத்திருந்தோம். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தார், அதோடு நின்றுவிட்டார். தோள் குலுங்க ஆரம்பித்தது. ஆரோன் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெரிய மனுஷன் நம்ம பிள்ளைக்காக அழுகிறாரே என்று நினைத்திருப்பார் போல, எட்டி அவர் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"நீங்க இருங்க சார், நான் பண்றேன்" என்றாள் ரத்தினபாய்.

மண்ணில் முழங்கால் போட்டாள். புருஷன் காதில் விழ வேண்டும் என்று சத்தமாகவே ஜெபம் பண்ணினாள். "அப்பா, ஏசப்பா, நாங்க நல்லா வந்து சேந்தோம், ஒமக்கு ஸ்தோத்திரம். இதோ, இந்த எடத்துல, எங்க கண்ணு முன்னால தூங்குற எங்க புள்ள ஜோனத்தான..."

இந்த எடத்துல என்று சொல்லும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.